பிளேயரைக் கடையில் கொடுக்கும் முன்

என்னங்க,

சோபாவில் அசந்து தூங்குகிறீர்கள், எழுப்ப மனசு வரவில்லை. நான் பேக்கரிக்குக் கிளம்பிவிட்டேன். சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். பாப்பாவின் பால் ஃபிரிட்ஜில் இருக்கிறது, சுடவைத்துக் கொடுங்கள்.

பழைய பாட்டு பிளேயரைக் கடையில் கொடுத்துவிட்டு எனக்கு ஸ்மார்ட்போன் வாங்குவதாகச் சொன்னீர்கள். "பாட்டுதானே, போன்லயே கேக்கலாமே, இந்த டப்பா எதுக்கு?" என்றீர்கள். எதற்கென்று சொல்ல வெட்கப்பட்டுக் கத்திவிட்டேன். நீங்களும் அதைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து மூன்று ராத்திரியாக நீங்கள் ஹாலில்தான்; உள்ளே பாப்பா கண்ணை மூடவில்லை, நானும்தான். பக்கத்து வீட்டு அக்கா தன் போனில் பாட்டுப் போட்டுப் பார்த்தார். பாப்பா கண் சொக்கும் நேரத்தில் யாரோ கூப்பிட்டு மணி அடிக்க, வீறிட்டு ஊரையே கூட்டிவிட்டாள். நேற்று கேக் மாவில் சர்க்கரை என்று நினைத்து உப்பைக் கொட்டினேன். முதலாளி முறைத்தார். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேலை போய்விடும். என்னால முடியலைங்க.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். அதில் பாப்பா கேட்பது பாட்டு இல்லை. நீங்கள் வேன் ஓட்டிக்கொண்டு வெளியூர் போகிற நாட்களில் போட்டுவிடலாம் என்று, உங்கள் குறட்டையைப் பதிந்து வைத்திருந்தேன். அதைக் கேட்டால்தான் அவள் தூங்குவாள்.

சாவி ஜன்னல் ஓரத்தில்.

கீழே கொஞ்சம் இடம் இருக்கிறது, இதையும் எழுதிவிடுகிறேன். பொய் எதற்கு, நானும் அதைக் கேட்டுத்தான் தூங்குகிறேன். பிளேயரைக் கொடுங்கள், போன் வாங்குங்கள், என்னவோ செய்யுங்கள். இன்னைக்கு மட்டும் உள்ள வந்து படுங்க.