மூக்கில் வைத்த குங்குமம்

இன்று காலை உங்கள் மகள் வந்திருந்தாள். அப்போதுதான் பிடுங்கிய வேர்க்கடலை ஒரு பை நிறைய, வேரில் ஈரமண்ணோடு. அந்த வாசனை அறை முழுக்கப் பரவிய பிறகுதான் சொன்னாள், நீங்கள் இறந்துபோய் ஒரு மாதம் ஆகிறதென்று. "மொத மல்லாட்டை டாக்டருக்குன்னு அம்மா சொல்லும். அதான் எடுத்தாந்தேன்" என்றாள். பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

குருவிநத்தத்திலிருந்து நீங்கள் முதலில் வந்தபோது முந்தானையால் கண்ணுக்குக் கீழே எல்லாவற்றையும் மூடியிருந்தீர்கள். கரும்புத் தோட்டத்தில் நாய் பாய்ந்து மூக்கைக் குதறியிருந்தது. காயம் ஆறிக்கொண்டிருந்த நாட்களிலேயே கணவரும் காய்ச்சலில் போய்விட்டார். அதையெல்லாம் நீங்கள் அழுதுகொண்டு சொல்லவில்லை. "பொண்ணு பாக்க வர்றாங்க டாக்டரய்யா. நான் இப்டி மூடிக்கினே நின்னா இன்னா நெனைப்பாங்க?" என்பதுதான் உங்கள் கவலை.

உங்கள் நெற்றித் தோலில் ஒரு பட்டையை எடுத்து, புருவங்களுக்கு நடுவில் மட்டும் அறுக்காமல் விட்டு, கீழே திருப்பி மூக்காகத் தைத்தேன். புது இடத்தில் ரத்த ஓட்டம் பிடிக்கும்வரை அந்தப் பட்டை புருவத்திலிருந்து மூக்குவரை ஒரு தண்டுபோல நிற்கும். சில வாரம் கழித்து அதை வெட்டிவிட வேண்டும். பார்க்கப் பயமாக இருக்கும் என்று முன்பே எச்சரித்திருந்தேன். நீங்கள் பயப்படவில்லை. வார்டுதான் பயந்தது.

"சார், பக்கத்து பெட்டுக்காரங்க எடம் மாத்திக் கேக்குறாங்க. அந்தம்மா கண்ணை மூடிக்கினு யார்கிட்டயோ பேசுதாம்" என்று நர்ஸ் வந்து சொன்னாள்.

மதியம் வந்து பார்த்தேன். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தீர்கள். வெளியிலிருந்து காற்று வந்தது. உங்கள் கை மெல்ல எழுந்து நெற்றிக்குப் போனது, அங்கே யாருடைய விரலையோ பிடிக்கப் போவதுபோல. முகத்தில் வெட்கம் கலந்த ஒரு சிரிப்பு. நல்ல வெயில் நேரம்.

"யாரும்மா?"

"அவருதான். பொட்டு வெக்கிறாரு."

நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினேன். தோல் இடம் மாறியிருக்கிறது, நரம்பு இன்னும் மாறவில்லை. மூக்கில் காற்றுப் பட்டாலும் ஈ உட்கார்ந்தாலும், நெற்றியில் யாரோ தொடுகிற மாதிரிதான் மூளைக்குத் தெரியும். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள்.

"சரிங்க. தண்டை வெட்டிட்டா?"

"அந்த உணர்ச்சி போயிடும்மா."

"அப்ப வெட்ட வேணாம்."

எவ்வளவு சொல்லியும் நீங்கள் அசையவில்லை. "நெத்தி காலியா ஆனப்பறம் இப்பதான் ஒரு கை படுது. அதையும் எடுத்துப்பீங்களா?" என்று கேட்டீர்கள். சீழ் பிடிக்கலாம் என்றேன். இப்படியே ஊருக்குப் போக முடியாது என்றேன். தண்டின் இருபுறமும் உங்கள் கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. அந்தப் பார்வையோடு என்னால் வாதம் செய்ய முடியவில்லை.

கடைசியில் மகள்தான் வந்தாள். மாப்பிள்ளை வீட்டில் கல்யாணத்தை உறுதி செய்துவிட்டதைச் சொல்லிவிட்டு, தண்டை வெட்டிக்கொள்ளச் சொல்லிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நீங்கள் அவள் தலையைத் தடவினீர்கள். வில்லியனூர் கோயிலில் வாங்கி வந்த குங்குமம் அவள் கையில் இருந்தது.

"எனக்கு வெச்சி விடு."

"இன்னாம்மா சொல்ற? உனுக்கு எப்டி வெக்கிறது?"

"நெத்தியில இல்லடி. மூக்குல வெய்யி. மூக்குல வெச்சா யாரு கேக்கப் போறாங்க?"

புது மூக்கின் மேல், தையல் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"எங்க தெரியுதும்மா?"

"எப்பவும் வெக்கிற எடத்துலதான்."

தையலுக்குப் பக்கத்தில் எதுவும் படக்கூடாது என்று கத்தியிருக்க வேண்டியவன் நான். வாசலில் அசையாமல் நின்றேன். நெடுநேரம் அப்படியே இருந்துவிட்டு நீங்களே ஈரத்துணியால் அதைத் துடைத்தீர்கள். "இப்ப வெட்டிக்கோங்க" என்றீர்கள்.

ஆபரேஷன் மேஜையில், மரத்துப்போக ஊசி போட்டு நான் கத்தியை எடுப்பதற்குள்ளேயே, "போயிட்டாருங்க" என்றீர்கள்.

கல்யாணத்தன்று முந்தானையை இறக்கிவிட்டு வாசலில் நின்று எல்லாரையும் வரவேற்றதாகப் பிறகு நீங்களே வந்து சொன்னீர்கள். முகத்தில் நல்ல மூக்கு. நெற்றியில் மெல்லிய தழும்பு மட்டும். உணர்ச்சி திரும்பியிருக்கிறதா என்று பார்க்க, கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டேன்.

"மூக்கு" என்றீர்கள். மறுபடி தொட்டேன். "மூக்கு." எல்லாம் சரியாக இருந்தது. பஞ்சைக் கீழே வைக்கத் திரும்பினேன்.

"நெத்தி" என்றீர்கள்.

நான் தொடவில்லை. மின்விசிறி நின்றிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. உங்களிடம் நான் அதைச் சொல்லவில்லை. நீங்கள் கண் திறந்து, எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனீர்கள்.

அதன் பிறகு எத்தனையோ பேருக்கு மூக்கும் உதடும் கன்னமும் செய்து கொடுத்திருக்கிறேன். கண்ணை மூட வைத்துப் பஞ்சால் தொட்டுப் பார்க்கும்போது, ஒவ்வொருவரிடமும் ஒருமுறை தொடாமல் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறேன். மூச்சுவிடாமல் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன். இதுவரை யாரும் எதுவும் சொன்னதில்லை. "முடிஞ்சிதா சார்?" என்றுதான் கேட்பார்கள்.

"இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறேன்.