அப்பாவின் கம்ப்யூட்டரில் விண்டோஸ்

தேஜஸ்,

உப்புமா செய்து மூடி வைத்திருக்கிறேன். எழுந்ததும் சாப்பிடு. நான் ஜோகுபாளையத்தில் அத்தை வீட்டுக்குப் போகிறேன், சாயங்காலம்தான் வருவேன்.

பதினொரு மணிக்கு ஸ்ரீராம்புரத்திலிருந்து கோவிந்தப்பா வருகிறார். போன வருஷம் பார்வை போனவர்; கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. அப்பாவுடையதை அவருக்கே கொடுத்துவிடலாம். நீ நேற்றுச் சொன்னபடி லினக்ஸை அழித்துவிட்டு விண்டோஸ் போடு.

நேற்று நான் சண்டை போட்டது லினக்ஸுக்காக இல்லை. அதைத் திறந்ததும், "வாங்க, உக்காருங்க. எதை அமுக்கினாலும் ஒண்ணும் கெட்டுப்போகாது" என்று அப்பா பதிந்து வைத்த குரல் கேட்கும். அவர் காலமான பின் இந்த நான்கு மாதமும், நீ ஆபீஸ் கிளம்பியபின் தினமும் கேட்டேன். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் தன்னைப் போலப் பார்வையில்லாதவர் யார் கம்ப்யூட்டர் கற்க வந்தாலும், "உங்க வீட்ல இருக்கிறவங்களுக்கு எது தெரியும்?" என்றுதான் அப்பா முதலில் கேட்பார். திரையைப் படிக்கும் குரல் திடீரென்று நின்றுபோனால், பக்கத்தில் இருப்பவர்தானே சரிசெய்ய வேண்டும்? கோவிந்தப்பாவின் மகளுக்கு விண்டோஸ்தான் தெரியும்.

அம்மா

திரையைப் படிக்கும் வேகத்தை நன்றாகக் குறைத்து வை. அப்பா கேட்ட வேகம் புதியவருக்கு வெறும் இரைச்சல்.

அவர் தடுமாறினால் நீ மவுஸைப் பிடித்துவிடாதே. கீபோர்டில் அவர் விரலே தேடட்டும்.

அப்பா பேசியதை உன் போனில் எடுத்து வைத்துக்கொள். எனக்கு அனுப்பாதே. நேற்றுக் காலை அவர் "உக்காருங்க" என்றதும், "இதோ உக்காந்துட்டேங்க" என்று பதில் சொல்லிவிட்டேன்.