கூடுதல் எடை

நவ. 11, செவ்வாய். காலையிலிருந்து மழை.

இன்று சொல்லாதது: பெட்டிகள் நனைந்திருக்கின்றன, சார்.

கம்பெனியின் பேக்கிங் லைனில் ஷட்டர் ஓரம் அடுக்கிய அட்டைப்பெட்டிகள். சாரல் குடித்தால் கனக்கும். என் ரூமில் கூட இருக்கும் செல்வி பேக் செய்தது அந்த அடுக்கிலிருந்து. லைன் கடைசியில் எடை மெஷின். அவளுடைய மூன்று பெட்டிக்கு எடை கூடுதலென்று சிவப்பு விளக்கு. சூப்பர்வைசர் பாஸ்கர் குரலைக்கூட உயர்த்தவில்லை. "உள்ள இன்னா ஒளிச்சு அனுப்புற? வெளிய யாரு எடுத்துக்குறான்?" திறந்து பாருங்கள் என்று கெஞ்சினாள். சீல் வைத்த பெட்டியைப் பிரித்தால் ஷிஃப்ட் எண்ணிக்கை குறையும், பிரிக்கவில்லை. பேட்ஜைப் பிடுங்கிக்கொண்டு அனுப்பிவிட்டான்.

நான் பேசவில்லை. வியாழன் ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்முகம். லீவு அவன் கையில்.

நவ. 12, புதன்

பாஸ்கர் லீவு கொடுத்தான். "எம்எஸ்சி மேடம் நட்சத்திரத்த எட போடப் போறாங்க, வழி வுடுங்கப்பா." லைனே சிரித்தது. நானும் சிரித்துத் தொலைத்தேன்.

ரூமில் செல்வி பையை அடுக்கிக்கொண்டிருந்தாள். திருநெல்வேலி பஸ். "ஒங்களுக்குத் தெரியும்லாக்கா. ஏன் பேசாம நின்னீங்க?"

சோப்பு வாங்க வேண்டும். குடைக் கம்பி உடைந்தது.

நவ. 13, வியாழன். சென்னை.

கரும்பொருளுக்கு என்ன சான்று என்றார்கள். கேலக்ஸியின் ஒளியை வைத்து ஓர் எடை. சுழலும் வேகத்தை வைத்து இன்னோர் எடை. இரண்டும் ஒத்துப்போவதில்லை. ஓரத்து நட்சத்திரங்கள் மெதுவாகச் சுற்றியிருக்க வேண்டும், சுற்றுவதில்லை. கண்ணுக்குத் தெரியாத ஏதோ உள்ளே கனக்கிறது.

நேர்முகக் குழுவில் கண்ணாடி போட்ட அம்மா விடவில்லை. "தராசே தப்பா இருந்தா? ஈர்ப்பு விதி அங்க வேற மாதிரி இருந்தா?"

வேறு தராசுகளிலும் போட வேண்டும் என்றேன். பின்னாலிருந்து வரும் ஒளி எவ்வளவு வளைகிறது. கேலக்ஸிக் கூட்டத்தின் சூடான வாயு சிதறாமலிருக்க எவ்வளவு ஈர்ப்பு தேவை. அவையும் கூடுதல் எடையே காட்டுகின்றன. "ஒரே தராச நம்பி முடிவு சொல்லக் கூடாது, மேடம்."

சொல்லும்போதே முகம் சுட்டது.

திரும்பும் பஸ். செம்பரம்பாக்கம் ஏரி ததும்பல். கேலக்ஸியைத் திறந்து பார்க்க வழியில்லை. பெட்டிக்கு ஒரு கத்தி போதும்.

நவ. 14, வெள்ளி. தூறல்.

பெட்டிகள் நனைந்தவை என்று சொன்னேன், எல்லார் முன்னாலும். பாஸ்கர் கிட்ட வந்து, மெதுவாக: "ஈரம்னு எனக்குத் தெரியாதா? அங்க அடுக்கச் சொன்னதே நாந்தான். மேல கேட்டா நான் யாரக் காட்டுறது? போய் வேலயப் பாரு."

மூன்று பெட்டியும் மூலையில்தான் கிடந்தன. டேப் கத்தியால் கிழித்தேன். எண்ணிக்கை சரி. கூடுதலாக ஒன்றுமில்லை. இன்னும் ஈரமாயிருந்த வெறும் அட்டையையும் காய்ந்த ஒன்றையும் மெஷினில் வைத்துக் காட்டினேன்; கூடுதல் எடை ஈர அட்டையில்தான். யாரும் சிரிக்கவில்லை.

நவ. 15, சனி. வெயில்.

அட்டைகளை உள்ளே மாற்றிவிட்டார்களாம். செல்வியைத் திரும்பக் கூப்பிடவில்லை. காலையில் கேட்டில் என் பேட்ஜ் வேலை செய்யவில்லை.