வாடகைக்கு வந்த ஈரல்

அன்புள்ள பொன்செல்வி,

உன் மூட்டுவலி தேவலையா? நான் சுகம், தொப்பை என்னைவிடச் சுகம்.

செம்பூர் ஆய்வகத்தில் டப்பா மேல் 'நுரையீரல்' என்று பேர் எழுதி நான் தீனி போட்டு வளர்த்த புற்றுநோய் செல்கள், நுரையீரலே இல்லையாம்! ஆராய்ச்சிக் கட்டுரையைப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் எங்கள் விஞ்ஞானி ஆபிதா மேடம் டிஎன்ஏ சோதனை செய்து பார்த்தார். எப்போதோ ஒரு துளி கல்லீரல் செல் உள்ளே விழுந்து, பம்பாய் வாடகைக்காரன் மாதிரி வீட்டையே பிடித்துக்கொண்டதாம்.

"யாருக்கு மேடம் தெரியப்போவுது?" என்றேன், என் புத்திப்படி.

"எனக்குத் தெரியுமே, அண்ணே" என்று மூன்று வருஷ உழைப்பைத் தானே தூக்கிப் போட்டார். எனக்கு ஒரே பெருமை.

மறுபடி முதலிலிருந்து வளர்க்க வேண்டும். பொங்கலுக்கு வர முடியாது. பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது. இட்லிப்பொடி அரைத்து அனுப்பு. டப்பா மேல் பேர் எழுதாதே. வாசனையிலேயே உன்னுடையது என்று கண்டுபிடித்துவிடுவேன்.

உன்,
காளிராஜ்