மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு ஐந்து பாகம்

18-7-84, புதன்

ஆடி பிறந்துவிட்டது. இனி ஒரு மாதம் கல்யாணம் கிடையாது, எங்கள் பேண்டு செட்டுக்கு வேலையும் கிடையாது. சீருடையைத் துவைத்து மடித்தாயிற்று. ஆவணி கடைசியில் மகள் அக்தருக்கு நிக்காஹ். மாப்பிள்ளை ஊர்வலம் பஸ் ஸ்டாண்டில் கிளம்பி மண்டபம் வந்து சேரும்வரை வாசிக்க ஐந்து பாகமாக ஒன்று எழுதுகிறேன். பாட்டு இல்லை, வார்த்தை இல்லை, வாத்தியம் மட்டும். இத்தனை வருஷம் ஊரார் கல்யாணத்தில் சினிமாப் பாட்டையே ஊதினேன். என் மகளுக்காவது என்னுடையது ஒன்று வேண்டாமா?

முதல் பாகம் முடிந்தது. பரவாயில்லை.

22-7-84

இரண்டாம் பாகமும் வந்துவிட்டது. கடைவீதிக்கு ஏற்ற துள்ளல். எங்கள் செட்டில் என்னைத் தவிர நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவன் யூபோனியம் ஊதுகிற இன்னாசி மட்டும், சர்ச்சில் கற்றது. மற்றவர்களுக்கு நான் கிளாரினெட்டைக் கீழே வைத்துவிட்டு வாயாலேயே பாடிக் காட்ட வேண்டும். தொண்டை கட்டிவிட்டது.

27-7-84

மூன்றாம் பாகம் வரவில்லை.

28-7-84

இன்றும் இல்லை.

2-8-84

எழுதியதையெல்லாம் கிழித்துப் போட்டேன். எதை எழுதினாலும் எங்கேயோ கேட்ட பாட்டு மாதிரியே இருக்கிறது. ஊரான் சரக்கை ஊதி ஊதி என் சரக்கு தீர்ந்துபோயிற்றா? அல்லது ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் இல்லையா? என் பெண்டாட்டி ஷரீபுன்னிசா கேட்டுவிட்டாள்: “ஊருக்கெல்லாம் சிரிச்சிக்கிட்டு ஊதுறீங்க, வூட்டுல மட்டும் ஏங்க இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?”

6-8-84

நான் ஒரு கழுதை!

இன்று அந்தத் தெரு வழியாக நடந்து பார்த்தேன். இரண்டாம் பாகம் முடிகிற இடத்தில் பள்ளிவாசல் முனை. எந்த ஊர்வலமானாலும் அங்கே வாத்தியத்தை நிறுத்திவிட்டுத்தான் தாண்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் கையைத் தூக்கி நிறுத்துகிறவனே நான்தான். யாருமே வாசிக்காத இடத்துக்கு இத்தனை நாளாக மெட்டுத் தேடியிருக்கிறேன். உட்கார்ந்துகொண்டே எழுதினால் இப்படித்தான்.

மூன்றாம் பாகம்: எல்லோரும் ஒரே கால் வைத்து நடப்பது. வேறு ஒன்றுமில்லை.

11-8-84

ஒத்திகை. டிரம்பெட் ராஜப்பனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “சும்மா நடக்கிறதுக்கு ஒரு ரிகர்சலா மாஸ்டர்?” ஆனால் பெரிய டிரம் மாரப்பன் வியர்த்துப்போய்விட்டான். “அடிக்காம நடக்கிறதுதான் மாஸ்டர் கஷ்டமா இருக்குது. கை தானாப் போவுது.” எத்தனை முறை நடந்தாலும் அவன் கை போய்க்கொண்டேதான் இருந்தது.

19-8-84, ஞாயிறு

கடத்தூரில் ஆவணி முதல் கல்யாணம். ஆசைப்பட்டு, போன வாரம் எழுதி முடித்த நாலாம் பாகத்தை நடுவில் நுழைத்தேன். “யோவ், என்னய்யா எழவு வூட்டு மேளமா? சினிமாப் பாட்டு போடுய்யா” என்று ஒருவன் கத்தினான். போட்டோம். எல்லோரும் ஆடினார்கள்.

26-8-84

காலையில் ஐந்தாம் பாகம் முடிந்தது.

மாலையில் கிருஷ்ணகிரியிலிருந்து சம்பந்தி அக்பர் அலி வந்தார். பிரியாணிக்கு அரிசி, வேன் என்று எல்லாம் பேசிவிட்டுக் கடைசியில், “தப்பா நெனைக்காதீங்க பாய். எங்க வூட்டு விசேஷத்துல மேளதாளம் வழக்கம் இல்லீங்க. ஊர்வலம் அமைதியா வரட்டும்” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். சரிங்க என்றேன்.

27-8-84

ஏன் சரின்னு சொன்னேன்? வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு? பேண்டு மாஸ்டர் பொண்ணுன்னு தெரிஞ்சுதானே வந்தாங்க?

ஷரீபுன்னிசா: “பொண்ணு வாழணுமா, உங்க மெட்டு வாழணுமா?”

அக்தர் டீ கொண்டுவந்து வைத்தாள். “நான் வேணும்னா அவங்ககிட்ட சொல்லிப் பாக்கட்டுமாப்பா?” வேண்டாம் என்றேன். புகுந்த வீட்டுக்குப் போகும் முன்பே அவளுக்கு எதற்குக் கெட்ட பேர்?

5-9-84

செட்டிடம் சொல்லிவிட்டேன். ராஜப்பன் கத்தினான். இன்னாசி நொட்டேஷன் தாள்களை அடுக்கி என் கையில் கொடுத்தான். “வெறுங்கையோட வந்து சாப்பிட்டுப் போங்கப்பா” என்றேன். மாரப்பன் என் முகத்தையே பார்க்கவில்லை.

10-9-84

கிளாரினெட்டைத் தொட்டே நாளாயிற்று. இனி எதையும் எழுத மாட்டேன்.

17-9-84, திங்கள்

நேற்று நிக்காஹ் நல்லபடியாக நடந்தது. அக்தர் கிருஷ்ணகிரிக்குப் போய்விட்டாள். வீடு வெறிச்சென்று இருக்கிறது.

ஊர்வலத்துக்கு என் ஆட்கள் எல்லோரும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார்கள். மாப்பிள்ளை காருக்குப் பின்னால் நானும் சம்பந்தியும். எங்களுக்குப் பின்னால் அவர்கள். கிளம்பிக் கொஞ்சத்தில் என்னவோ உறைத்தது, திரும்பிப் பார்த்தேன். வரிசை கட்டி ஒரே கால் வைத்து வருகிறார்கள். மாரப்பன் கை தொடையில் தட்டிக்கொண்டு வருகிறது, முதல் பாகத்தின் தாளம். ராஜப்பன் விரல் மூன்றும் டிரம்பெட் கட்டையை அமுக்குவதுபோலச் சட்டைப் பொத்தான் மேல் ஏறி இறங்குகிறது. நான் யாரிடமும் சொல்லவே இல்லை. கடைவீதியில் நடை மாறியது, இரண்டாம் பாகத்தின் துள்ளல். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பள்ளிவாசல் முனை வந்தது. பழக்கதோஷத்தில் என் கை மேலே போய்விட்டது. பின்னால் மாரப்பன் கை நின்றது. ராஜப்பன் விரலும் நின்றது. கால்கள் மட்டும்.

சம்பந்தி என் தோளில் கை வைத்தார். “பாத்தீங்களா பாய், சத்தமில்லாம எவ்ளோ நல்லா இருக்குது!”

ஆமாங்க என்றேன். ஐந்தில் அந்த மூன்றாம் பாகத்தைத்தான் எழுதியபடியே வாசித்தார்கள். மாரப்பன்கூடத் தப்பு விடவில்லை.