உரக்கச் சொல்லாத எடை

என்னங்க,

திண்டிவனத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் இங்கே விழுப்புரத்தில் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

காணைப் பக்கத்துக் கிராமங்களில் எங்கள் குழந்தை ஊட்டச்சத்து ஆய்வு படுத்துவிட்டது என்று போன மாதம் புலம்பினேன் அல்லவா? சத்துமாவு வாங்கத் தவறாமல் வரும் தாய்மார்கள், எடை பார்க்கும் நாளில் மட்டும் பிள்ளைகளைக் கூட்டி வருவதில்லை. ஏனென்று புரியாமல் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

கடைசியில் அம்சவள்ளி என்ற தாய்தான் வாயைத் திறந்தாள். "உங்க ஆளு எல்லார் எதிர்லயும் எடைய கத்திச் சொல்லிக்கினு இருந்தா, புள்ளைக்குக் கண்ணு பட்டுடாதா மேடம்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும்தான். எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தியிருப்போம்! ஆனாலும் முறையை மாற்றினேன். இப்போது எடையை யாரும் உரக்கப் படிப்பதில்லை. தாய்க்கு மட்டும் காட்டிவிட்டுக் குறித்துக்கொள்கிறோம். நேற்று அங்கன்வாடி வாசலில் செருப்பு விட இடமில்லை. அம்சவள்ளியின் மகள் எடை கூடியிருக்கிறாள். எவ்வளவு என்று எழுத மாட்டேன்.

அங்கிருந்து திரும்பும் வழியில் நானும் டாக்டரம்மாவைப் பார்த்தேன். போன இரண்டு முறையும் நாள் தள்ளியதுமே சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டோம். பிறகு நடந்ததை விடுங்கள். இந்த முறை இதயத் துடிப்பையே கேட்டுவிட்டேன். நல்ல வேகமாம்.

அதனால்தான் போனில் சொல்லாமல் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை வரும்போது வேர்க்கடலை மணக்கும் அந்த மல்லாட்டை உருண்டை கொஞ்சம் கூடுதலாகக் கொண்டுவாருங்கள். யாராவது கேட்டால் ஆய்வுக்கு என்று சொல்லுங்கள்.

படித்துவிட்டுச் சந்தோஷத்தில் கத்திவிடாதீர்கள். கண் பட்டுவிடும்.

உங்கள் வீட்டுக்காரி