செங்கனி திரும்பி வரலையாம், அக்கா

என் தங்கமான அக்காவுக்கு,

ஒரு சேதி இருக்கு. சொல்லாம இருக்கவும் முடியல, சொல்லவும் பிடிக்கல. நாம சின்னப் பிள்ளையில பார்த்த ‘பனிக்கோட்டை’ சீரியலை இப்போ சினிமாவா எடுத்திருக்காங்க. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு பூரா அதுல வர்ற கதாநாயகி செங்கனி போஸ்டர்தான்.

முதல்ல எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் டைரக்டர் பேட்டியைப் போன்ல பார்த்தேன். சீரியல்ல இருந்த முடிவையே வெச்சிருக்காராம். செங்கனி கோட்டைக்குள்ளயே செத்துப்போறதைப் பார்த்து அன்னிக்கு எல்லாரும் அழுதாங்களாம்.

நாம எங்கே அழுதோம்? கடைசி எபிசோட் அன்னிக்கு நம்ம ஊரு காவாந்தண்டலத்துல கரண்ட் இல்ல. உத்திரமேரூர்ல அத்தை வூட்டுல இருந்த நீ மட்டும்தான் பார்த்தே. மறுநாள் நீ வந்து இறங்கினதும் தெருவே உன்னைச் சுத்திக்கிச்சு. செங்கனி கதவை உடைச்சிக்கினு தங்கச்சிகிட்ட வந்து சேர்ந்துட்டான்னு சொன்னே. திரும்பி வந்தவ பேராச்சேன்னு நம்ம தெருவுல ரெண்டு பொண்ணுங்களுக்கு அதே பேரை வெச்சாங்க. ஏன் அக்கா அப்படிச் சொன்னே? நான் அழுவேன்னா?

அதுகூடப் போவட்டும். போன வருஷம் ஆஸ்பத்திரியில படுத்துக்கினு உன் பொண்ணு திவ்யாகிட்டயும் அதையே சொன்னியே. செங்கனி மாதிரி அம்மாவும் வந்துடுவேன்னு. வூட்டுக்கு வரும்போது கட்டிக்கன்னு அவ புடவை எடுத்தாந்து உன் தலைமாட்டுல வெச்சா.

இப்போ அந்தப் படத்துக்குக் கூட்டிக்கினு போன்னு அவதான் நச்சரிக்கிறா. டிக்கெட் கிடைக்கல, பரீட்சை வருதுன்னு சாக்கு சொல்லிப் பார்த்தேன். உன்மேல கோவம் கோவமா வருது. நீதான் இல்லையே, யாரைப் போய்க் கேக்கறது?

நேத்து மாடியில துணி காயப்போடும்போது தாங்க முடியாம அவகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். இடிஞ்சு போயிடுவான்னு பயந்தேன். அவ பாட்டுக்குக் கொடியில கிளிப்பை மாட்டிக்கினே இருந்தா.

“தெரியும் சித்தி. அம்மா இருக்கும்போதே பழைய சீரியலை யூடியூப்ல பார்த்துட்டேன். அம்மா ரொம்பப் பயந்துக்கினு இருந்துச்சு, அதான் நம்புற மாதிரி இருந்தேன்.”

அப்போ இந்தப் படத்துக்கு ஏன்டி இவ்ளோ அடம்னு கேட்டேன்.

“அப்போ அழ முடியல சித்தி. இங்க அழுதா நீ பேஜாராயிடுவே. தியேட்டர்ல எல்லாரும் அழுவாங்க, இல்ல?”

ஞாயித்துக்கிழமை காஞ்சிபுரத்துல மேட்னிக்குப் போறோம் அக்கா. அவ எவ்ளோ நேரம் அழுதாலும் போதும்னு நான் சொல்லமாட்டேன். உன்மேல சத்தியம்.

உன் தங்கச்சி,
திவ்யாவோட சித்தி,
தேவி